விபத்தில்லா அலமாரி

பெரியாஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், நடைவழி முடிகிற இடத்தில், ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அதற்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி மருந்துக் கிடங்கு அதிகாரியிடம், இன்னொன்று குழுத் தலைவரின் சட்டைப் பையில். அலமாரிக்குள் மார்ஃபின் மாத்திரைகள் இருந்தன. அதற்கு மேலே சுவரில் ஒரு பலகை தொங்கியது: ‘இந்த அலமாரியின் மருந்தால் இதுவரை எந்த முதியவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை.’

பலகையில் இருந்தது முழுக்க உண்மை. அலமாரியை யாரும் அதுவரை திறந்ததில்லை.

இது ரைட்டுக்குத் தெரியாது.

ரைட்டு என்பது அவர் பெயரில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் டவுன் பஸ் கண்டக்டர். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும். இரண்டு கொடுத்தால் கிளம்பும். அது போதாதென்று இரண்டாவது விசிலுக்குப் பிறகு வாயாலும் ஒரு ‘ரைட்டு’ சொல்லுவார். ஓய்வு பெற்றபோது பையையும் சட்டையையும் திருப்பிக் கொடுத்தார். பிளாஸ்டிக் விசிலை யாரும் கேட்கவில்லை. ரைட்டையும் யாரும் கேட்கவில்லை. இரண்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டன. பால் விலை ஏறினால் ரைட்டு. குழாயில் தண்ணீர் நின்றால் ரைட்டு. மனைவிக்கு முதுகெலும்பு வரைக்கும் புற்று பரவிவிட்டது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பெரிய டாக்டர் சொன்னபோதும் வாய் தன்பாட்டுக்கு ரைட்டு என்றது. சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

அறையை விட்டு வெளியே வந்தவரை ஒரு சின்ன டாக்டரம்மா பின்னாலேயே வந்து பிடித்தார்.

“செய்றதுக்கு ஒன்னுமில்லன்னு அர்த்தமில்லய்யா. நோயத்தான் ஒன்னும் செய்ய முடியாது. வலிய ஏதாவது செய்யலாம்.”

நாற்காலியில் உட்கார வைத்து, பொறுமையாகச் சொன்னார். “மார்ஃபின் எழுதறேன். வயசானவங்களுக்குக் கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவா ஏத்தணும். மலச்சிக்கல் கண்டிப்பா வரும். அதுக்கும் சேத்தே எழுதியிருக்கேன், அத விட்டுடாதீங்க. மொதல்ல கொஞ்ச நாள் தூக்கமா இருப்பாங்க. தட்டி எழுப்பியும் எழுந்திருக்கல, மூச்சு ரொம்ப மெதுவா போகுதுன்னா அடுத்த மாத்திரை குடுக்காதீங்க, ஒடனே என்னக் கூப்பிடுங்க. தூக்க மாத்திரையோட சேக்கக்கூடாது. பூட்டி வைங்க. அடுத்த வீட்ல யாருக்காவது வலின்னு கேட்டா ஒன்னுகூட குடுக்கக்கூடாது.”

“வலி போயிடுமா டாக்டர்?”

“முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன். ராத்திரி திரும்பிப் படுத்துத் தூங்கற அளவுக்குக் குறையும்.”

அது போதும் என்று ரைட்டு நினைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இடது பக்கம் திரும்பித்தான் படுப்பாள். இடது பக்கத்தில் அவர் இருப்பார். இப்போது மாதக்கணக்கில் மல்லாந்தே கிடக்கிறாள். விட்டத்தோடு பேசுகிற மாதிரிதான் அவரோடு பேசுகிறாள்.

“வெளியில எந்தக் கடையிலயும் இது கெடைக்காது. நம்ம அலமாரியில இருக்கு. ரெண்டாம் மாடியில ஒரு குழு இருக்கு, அவங்க ஒரு முத்திரை வைக்கணும். அவ்வளவுதான்,” என்றார் டாக்டரம்மா. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

“ரைட்டு,” என்றார் அவர்.

குழுவின் பெயர் முதியோர் வலிமருந்துப் பாதுகாப்புக் குழு. தலைவர் எலும்பு டாக்டர். அவருக்கு வலப்பக்கம் கிடங்கு அதிகாரி. இடப்பக்கம் வலி மதிப்பீட்டாளர் அம்மா. இவர் எங்கே போனாலும் மடியில் ஒரு அட்டை இருக்கும். அட்டையில் வரிசையாக வட்ட முகங்கள்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், சுளிக்கிற முகம், கண்ணீர் விடுகிற முகம். ஆஸ்பத்திரியில் அவரை முகத்தம்மா என்றே சொன்னார்கள்.

“உங்க மனைவி கனரக வாகனம் ஓட்டுவாங்களா?” என்று தலைவர் ஆரம்பித்தார்.

“எழுந்து உக்காரவே முடியல சார்.”

“நான் கேட்டதுக்கு அது பதில் இல்லையே.”

“ஓட்ட மாட்டா சார். சைக்கிளே தெரியாது.”

“இனிமே கத்துக்க வாய்ப்பிருக்கா?”

ரைட்டு யோசித்தார். நேர்மையான ஆள். எதையும் அடித்துச் சொல்ல அவருக்கு வராது. “இருக்காதுன்னுதான் நெனைக்கிறேன்,” என்றார். ‘உறுதியில்லை’ என்று எழுதிக்கொண்டார்கள்.

“வீட்ல யாருக்காவது ஏதாவது பழக்கம்? விட முடியாத மாதிரி?”

“எனக்கு டீ.”

“கிடைக்கலன்னா?”

“தல வலிக்கும்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் பேனாவை மூடி வைத்தார். மருந்து இருக்கப்போகும் வீட்டில் ஏற்கெனவே ஓர் அடிமை இருப்பது சாதாரண விஷயமில்லை என்று எடுத்துச் சொன்னார். ரைட்டு அன்றோடு டீயை விட்டார். அடுத்தடுத்த நாட்களில் தலைவலியோடுதான் வரிசையில் நின்றார்.

“சரி, இன்னொன்னு கேக்கறேன்,” என்றார் தலைவர், குரலை இறக்கி. “இந்த மருந்த உங்க மனைவி பத்து வருஷம் தொடர்ந்து சாப்பிட்டா அவங்க உடம்பு என்னாகும், யோசிச்சீங்களா?”

ரைட்டு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“பத்து வருஷமா சார்? பத்து வருஷம் இருப்பாளா?”

“அது எங்க துறை இல்ல,” என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்து மதிப்பிட வேண்டும் என்று முடிவானது. முகத்தம்மா வருகிற நாளன்று மனைவி விடிந்ததிலிருந்து ஒரே பரபரப்பு. அவள் வீட்டுக்கு ஒரு அதிகாரி வருவது அதுவே முதல் தடவை. தலையை வாரிவிடச் சொன்னாள். வெளியே போகும்போது கட்டுகிற புடவையை மேலே போர்த்திவிடச் சொன்னாள். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தச் சொன்னாள். நிமிர்த்தும்போது அவள் கை அவர் சட்டையை இறுக்கிப் பிடித்தது. ஒரு பொத்தான் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போனது. அவள் சத்தம் எதுவும் போடவில்லை.

“வாங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. என்னங்க, அவங்களுக்கு மொதல்ல தண்ணி குடுங்க,” என்றாள்.

முகத்தம்மா அன்பானவர்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “எப்படிம்மா இருக்கீங்க?”

“எனக்கென்ன, நல்லாருக்கேன்.”

“வலி இருக்கா?”

“வயசானா வலி இல்லாம இருக்குமா? கொஞ்சம் இடுப்புதான். உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?”

முகத்தம்மா அட்டையை நீட்டினார். “இதுல எந்த முகம்னு காட்டுங்க.”

மனைவி அட்டையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “இந்தச் சிரிக்கிற பிள்ள லட்சணமா இருக்கு,” என்று விரலை வைத்தாள்.

முகத்தம்மாவை வழியனுப்ப வாசல் வரை வந்த ரைட்டு பதறிப்போய்ச் சொன்னார். “அம்மா, அவ யாரு கேட்டாலும் நல்லாருக்கேன்னுதான் சொல்வா. பிரசவ வலியில ஆட்டோவுல போகும்போது, டிரைவர் எப்படிம்மா இருக்கீங்கன்னு கேட்டதுக்கே நல்லாருக்கேன்னு சொன்னவ.”

“நாங்க நோயாளி சொல்றத மட்டும்தான் எடுத்துக்குவோம். அதுதான் அவங்களுக்கு நாங்க குடுக்கற மரியாதை,” என்றார் முகத்தம்மா. சிரித்த முகம் கோப்பில் ஏறியது.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒத்திகை நடந்தது.

“வலிக்குதான்னு கேட்டா என்ன சொல்லுவ?”

“வலிக்குதுன்னு.”

“அப்படி சொல்லாத. யாரோ தபால்காரர் வந்திருக்காருன்னு சொல்ற மாதிரி இருக்கு. மூஞ்சியச் சுளி.”

அவள் சுளித்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அவளுக்கும் வந்தது. சிரித்தால் முதுகில் இழுக்கும். இழுத்ததும் முகம் மாறியது. அட்டையில் கடைசியாக இருந்த முகத்துக்கும் அப்பால், வரைந்தவருக்குத் தோன்றாத ஒரு முகம். ரைட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அது அடங்க நேரமானது.

“இதத்தான் காட்டணும் நீ,” என்றார் மெல்ல.

“வந்தவங்க முன்னாடி எப்படிங்க?” என்றாள் அவள்.

அன்றைக்குத்தான் பழைய விசிலைத் தேடி எடுத்து, கயிறு கோத்து, அவள் கழுத்தில் போட்டார். “நான் சமையக்கட்டுல இருந்தா உன் கொரல் கேக்க மாட்டேங்குது. வலி வந்தா ஒரு விசில் குடு. ஒரு விசிலுக்கு வண்டியே நிக்கும், நான் நிக்க மாட்டேனா?”

“நிக்கறதா, வர்றதா?”

“ரெண்டும்.”

ஆனால் விசில் சத்தம் ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு முறை குழு அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தபோது அது அவள் வாயில் இருந்தது. “கூப்பிட்டியா?” என்று கேட்டார். எடுத்துவிட்டுச் சொன்னாள், “சும்மா வாயில வச்சிருந்தேன். பக்கத்து வீட்டுக் கைக்கொழந்த இப்பதான் தூங்குச்சு.”

இதற்கிடையில் வலிக்கு ஒன்றும் கொடுக்காமல் இல்லை. சாதாரண மாத்திரை கொடுத்தார்கள். அதற்குக் குழு கிடையாது. அது வலியைத் தொடவில்லை, வயிற்றைத்தான் தொட்டது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. மலம் கறுப்பாகப் போனது. அந்தத் தீங்கு வேறு அலமாரியைச் சேர்ந்தது என்பதால் பலகைக்கு ஒரு சேதமும் இல்லை.

இரண்டாம் மதிப்பீட்டுக்கு முகத்தம்மா வந்தபோது மனைவிக்குத் தலைவாரிக்கொள்ளத் தெம்பில்லை. இந்த முறை உள்ளதைச் சொன்னாள். “உள்ளுக்குள்ள யாரோ உக்காந்து கடிக்கிற மாதிரி இருக்கும்மா. திரும்பிப் படுக்க முடியல. அந்த மாத்திரைய எப்ப குடுப்பீங்க?”

ரைட்டு நிம்மதியாக மூச்சு விட்டார். ஒரு வழியாகச் சொல்லிவிட்டாள்.

முகத்தம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை வேறு மாதிரி பார்த்தார்.

அடுத்த நாள் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். “போன தடவை சிரிக்கிற முகம். இந்தத் தடவை மருந்த அவங்களே கேக்கறாங்க. அதுவும் ‘எப்ப’ன்னு கேக்கறாங்க. இதுக்கு என்ன பேருன்னு தெரியுமா? ஏக்கம். அடிமைத்தனத்தோட மொத படி.”

“அவ இன்னும் ஒரு மாத்திரகூட சாப்பிடலயே சார்.”

“சாப்பிடாதப்பவே இப்படின்னா?” என்றார் தலைவர்.

பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “சார், ஆபத்து இருக்கு, நான் இல்லங்கல. அதுக்குத்தான் அளவு இருக்கு, கூடவே கவனிக்க நான் இருக்கேன். வாரம் ரெண்டு தடவை நானே வீட்டுக்குப் போய்ப் பாக்கறேன். பாதுகாப்பா குடுக்கலாம் சார்.”

“பாதுகாப்பா குடுக்கறதவிட குடுக்காம இருக்கறது பாதுகாப்பு. இத நான் சொல்லல டாக்டர், அந்தப் பலகை சொல்லுது.” பிறகு ரைட்டின் பக்கம் திரும்பினார். “வலின்னு அவங்க சொல்றாங்க, நீங்க சொல்றீங்க. எங்களுக்குக் கண்ணால பாக்கற மாதிரி ஏதாவது ஆதாரம் வேணும். இருந்தா கொண்டாங்க.”

“வலிய எப்படி சார் கொண்டார்றது?”

“அது நீங்கதான் யோசிக்கணும்.”

சின்ன டாக்டரம்மாவின் ஆர்வத்தைப் பாராட்டி அவரைக் கண் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அடிமையாவதைத் தடுக்கும் வகுப்புக்கு மனைவி வர வேண்டும் என்றார்கள். வர முடியாது என்பதால், அவளுக்குப் பதிலாக அவள் கணவர் திருந்தினால் போதும் என்று சலுகை கொடுத்தார்கள். ரைட்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். மற்ற நாற்காலிகளில் இருந்தவர்களும் அவரைப் போலவே வீட்டில் ஒருவரைப் படுக்கப் போட்டுவிட்டு வந்தவர்கள். யாரும் மருந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத மருந்தை எப்படி விடுவது என்று தலைவர் பாடம் எடுத்தார்.

“ஏதோ வலி தெரியாதவன் பேசறேன்னு நெனைக்காதீங்க,” என்றார். “போன வருஷம் எனக்கு முழங்கால் ஆபரேஷன். எனக்கு இதே மருந்துதான் குடுத்தாங்க, வேற ஊர் ஆஸ்பத்திரியில. சொன்னா நம்ப மாட்டீங்க. கால் இருக்கறதே மறந்துபோச்சு. ஜன்னலோரமா உக்காந்து பழம் சாப்பிட்டேன். பேப்பர் படிச்சேன். ராத்திரி நல்லாத் தூங்கினேன். அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, வலி இல்லாம இருக்கறது எவ்வளவு ஆபத்தான சுகம்னு. அந்த ஆபத்த என் நோயாளிங்க யாரும் அனுபவிக்கக்கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணினேன்.”

கைதட்டினார்கள். ரைட்டும் தட்டினார். மற்றவர்கள் தட்டும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் கோப்பில் ஏறிவிடுமோ என்ற பயம்.

அதன் பிறகு விழுதல் பிரச்சினை வந்தது. இந்த மருந்து சாப்பிடுகிற முதியவர்கள் தள்ளாடி விழலாம். அதனால் வீடு முழுக்கக் கைப்பிடி போட்டாக வேண்டும். போட்டால்தான் கோப்பு நகரும். அவள் படுக்கையை விட்டே எழுவதில்லை என்று ரைட்டு சொல்லிப் பார்த்தார். “மருந்து குடுத்து வலி கொறஞ்சா எழுந்திருப்பாங்க இல்ல? எழுந்தா விழுவாங்க இல்ல?” என்று கிடங்கு அதிகாரி கேட்டார். ரைட்டுக்கு அந்த வாதம் பிடித்துப்போனது. எழுந்திருப்பாள் என்று ஒரு அதிகாரி வாயால் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரும்புக் குழாய்கள் வாங்கி வந்தார். சுவரில் துளை போட்டு அவரே மாட்டினார். கட்டிலைச் சுற்றி, கதவோரம், குளியலறைக்குப் போகிற வழியெல்லாம். கூடத்தின் குறுக்கே தலைக்கு மேல் ஒன்று. அதை யாரும் கேட்கவில்லை. கை பழக்கத்தில் போட்டுவிட்டார்.

மனைவி படுத்தபடியே எல்லாவற்றையும் கண்ணால் சுற்றி வந்தாள்.

“என்னங்க, வீட்ட பஸ்ஸாக்கிட்டீங்க.”

“பிடிச்சுக்கிட்டு நில்லுங்கம்மா. படியில நிக்காதீங்க. உள்ள போங்க, உள்ள போங்க,” என்றார், பழைய குரலில்.

அவள் வாய் கொஞ்சம் விரிந்தது. முழுதாகச் சிரிக்கப் பயந்து அங்கேயே நிறுத்திக்கொண்டாள். “வண்டி காலியால்ல இருக்கு. நிக்கறதுக்கு ஆள் எங்க?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க டீ போட்டுக் குடிங்க. எனக்காக எதுக்கு அதையும் விட்டீங்க?”

“மாத்திர வரட்டும். ரெண்டு பேரும் சேந்து குடிப்போம். நீ இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கோ, நான் இங்க உக்காந்துக்கறேன்.”

“அது எப்ப வரும்?”

“அப்படிக் கேக்காத,” என்றார் அவசரமாக. சொன்ன வேகத்தில் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை. பிறகு அவளைப் பார்க்க முடியவில்லை. குழாயின் திருகாணியை, இறுக்கி முடித்த ஒன்றை, மறுபடி இறுக்கினார்.

அவள் அதன் பிறகு கேட்கவில்லை.

கைப்பிடிகளைப் பார்வையிட்டு, குழாய்களுக்கு வழுக்காத உறை போடச் சொன்னார்கள். உறை போட்டதும், உறையின் நிறம் முதியவர் கண்ணுக்குத் தெரிகிற நிறமாக இருக்க வேண்டும் என்றார்கள். அதுவும் ஆனது. கடைசியில் ஒரு நாள் காலை தலைவர் அவரைக் கூப்பிட்டு, “எல்லாம் திருப்தி. இனி முத்திரைதான்,” என்றார். முத்திரை எங்கே என்று ரைட்டு கேட்டார். முத்திரை இருக்கிறது, ஆனால் தலைவர் வெளியூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முதியோர் வலி பற்றிய மாநாட்டில் அவர்தான் முக்கியப் பேச்சாளர். சாவியும் அவர் சட்டைப் பையில்தான். வந்ததும் முதல் வேலை இதுதான் என்று வாக்குக் கொடுத்தார்.

“ரைட்டு,” என்றார் அவர். வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மத்தியான வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. அவள் இடது பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அவருக்கு ஒரு கணம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார். சத்தம் போட்டால் விழித்துவிடுவாள் என்று நினைத்தார். எத்தனை நாள் கழித்துத் தூங்குகிறாள். மெல்ல அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். மெல்ல வந்து, தான் உட்காருவதாகச் சொன்ன இடத்தில், அவள் முகத்துக்கு நேரே, உட்கார்ந்தார்.

அவள் ஒரு கை கட்டிலோரக் கைப்பிடியைப் பிடித்திருந்தது. வழுக்காத உறை அவள் நகத்தில் கிழிந்திருந்தது. விசில் வாயில் இருந்தது.

அதை வெளியே எடுக்க அவர் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டியிருந்தது. எடுத்த பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஊதுகிற முனை சப்பையாகிவிட்டிருந்தது. ஒரே நாளில் ஆனதில்லை. பல் பதிந்த இடத்தின் மேலேயே மறுபடி பல், அதன் மேல் மறுபடி. கட்டை விரலால் தடவினால் பள்ளம் பள்ளமாகத் தட்டுப்பட்டது. அவர் கூப்பிடுவதற்கென்று கொடுத்ததை அவள் கூப்பிடாமல் இருப்பதற்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் சொன்ன சொல் தவறவில்லை. மாநாட்டிலிருந்து வந்ததும் முதல் வேலையாக முத்திரை வைத்தார். அதற்குள் அவளை எரித்த இடம் ஆறிப்போயிருந்தது. ஆனால் அனுமதித்த மருந்தைக் கொடுக்காமல் விட்டால் தணிக்கையில் கேள்வி வரும். இறந்தவருக்குக் கொடுத்தாலும் கேள்வி வரும். குழு கூடி யோசித்து ஒரு வழி கண்டது: கணவரிடம் கொடுப்பது, அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்வது. அலமாரியின் விபத்தில்லா ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்ததால் அதை மேடையிலேயே செய்துவிடலாம் என்றும் முடிவானது.

ரைட்டு போனார். சட்டைப் பையில் விசில் இருந்தது. ஆதாரம் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

அரங்கம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் சின்ன டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“இந்த அம்மா எங்ககிட்ட பதிவான நாள்ல இருந்து ஒரு தடவைகூட மயங்கல. ஒரு தடவைகூட தடுக்கி விழல. ஒரு மாத்திரைக்குக்கூட அடிமையாகல. எந்த மருந்தும் அவங்க அறிவ மழுக்கல. கடைசி நிமிஷம் வரைக்கும் முழு நினைவோட இருந்தாங்க.” இங்கே தலைவரின் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. “முழு நினைவோட. இதுக்கு மேல ஒரு பாதுகாப்ப எந்த ஆஸ்பத்திரியும் குடுக்க முடியாது.”

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

கிடங்கு அதிகாரி அட்டைப் பெட்டியிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து ரைட்டின் கையில் வைத்தார். புகைப்படக்காரர் குனிந்தார். “ஐயா, கொஞ்சம் சிரிங்க.”

ரைட்டு பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரைகள் அவரது சட்டைப் பொத்தானைவிடச் சிறியவையாக இருந்தன. “இதுதானா?” என்று கேட்டார். அவர் கேட்டது யார் காதிலும் விழவில்லை. பட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கை காலியானது. காலியான கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

“ரெண்டு வார்த்த பேசுங்க,” என்றார் முகத்தம்மா.

அவர் பேசத்தான் வாயைத் திறந்தார். பையிலிருந்து விசிலை எடுத்தார். ஓடுகிற வண்டியை நிறுத்த வாழ்நாள் முழுக்க அவருக்கு ஒரு விசில் போதுமானதாக இருந்தது. வாயில் வைத்தார். உதடு அவள் பல் பதிந்த பள்ளங்களில் போய் உட்கார்ந்தது. ஊதினார்.

சத்தம் வரவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு முதியவரின் மூச்சு மட்டும் அரங்கம் முழுக்கப் பெரிதாகக் கேட்டது. மறுபடி ஊதினார். மறுபடியும் மூச்சுதான்.

“மைக் போச்சு போலிருக்கு,” என்றார் தலைவர்.

மைக் செட்டுக்காரர் மேடைக்கு ஓடி வந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். “ஹலோ, ஹலோ” என்றார். பிறகு ரைட்டின் கையிலிருந்த விசிலை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். விரல் அங்கேயே நின்றது.

“மைக் நல்லாத்தான் இருக்கு சார்,” என்றார். “இத யாரோ கடிச்சிருக்காங்க. ரொம்ப நாளா கடிச்சிருக்காங்க.”

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து நன்றியுரை இருந்தது, அதன் பிறகு தேநீர் இருந்தது. “பரவால்ல, பரவால்ல. நிகழ்ச்சி தொடரட்டும். என்ன சார், போலாமா?” என்று ரைட்டின் தோளில் தட்டினார்.

மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் அவருடைய பதில் தெரியும். அவர் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் எல்லாம் நகர்ந்துவிடும். காத்திருந்தார்கள்.

மைக் செட்டுக்காரர் விசிலை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். ரைட்டு மேடை நடுவில் நின்றார். புகைப்படக்காரர் கொஞ்சம் நகரச் சொன்னார். கிடங்கு அதிகாரி கொஞ்சம் நகரச் சொன்னார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களை நகரச் சொன்ன மனிதர் நகரவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை.